இல்லாத தலைக்கு ஒரு குல்லா

அவருக்கு முகங்கள் ஞாபகம் இருக்காது. பெயர்களும் அப்படித்தான். தலைகள் மட்டும் இருக்கும். தெருவில் யாராவது கும்பிடு போட்டுவிட்டுப் போனால், அந்த ஆள் முனை திரும்பும்வரை பேசாமல் இருந்துவிட்டு எங்கள் பக்கம் திரும்புவார். "யாரு அது? பின்மண்டை தட்டையா, காதுக்கு மேல தழும்பு இருக்குமே, அந்த ஆளா?" என்பார். ஆமாம் என்று சொன்னால் போதும். அந்த ஆளின் வீட்டில் யார் யாருக்கு எந்த வேண்டுதலுக்கு மொட்டை போட்டார் என்பதுவரை வந்து விழும்.

மாமா என்றே எழுதிவிட்டுப் போகிறேன். உறவில்லை. திருப்பதியில் நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளில் எங்களுக்கு அடுத்த கதவு அவருடையது. பெயரைப் போட்டு எழுதினால் இது அவரைப் பற்றிய கட்டுரை என்று ஆகிவிடும். பாதிக்கு மேல் என்னைப் பற்றியது இது. என் வண்டவாளத்தை அவர் பெயருக்குக் கீழே எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவர் போய்ப் பல வருஷங்கள் ஆகின்றன. அவர் கையால் போட்ட உல்லன் குல்லா ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. அது என் மனைவியுடையது. என்னுடையது என்னிடம் இல்லை.

மாமாவுக்கு மலைமேல் வேலை. மொட்டை அடிக்கும் கூடத்தில் வரிசையாக உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவர். ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் இறங்கி வரும்போது விரல் நுனிகள் தண்ணீரில் ஊறிச் சுருங்கிப் போயிருக்கும். சட்டையில் சந்தன வாசனை அடிக்கும். மனைவி காலமாகிவிட்டார். ஒரே மகளை வாலாஜாவில் கட்டிக் கொடுத்திருந்தார். ராத்திரிச் சோறு பெரும்பாலும் எங்கள் வீட்டில்தான். நாங்கள் சாந்திபுரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து கூலி வேலைக்கு வந்த குடும்பம். நைனா, அதாவது என் அப்பா, ரேணிகுண்டாவில் ஒரு குடோனில் மூட்டை தூக்கினார். இந்தப் பெரிய ஊரில் எங்களை முதலில் மதித்துப் பேசிய மனிதர் மாமாதான்.

ஒருமுறை நைனாவுக்கு வேண்டுதல் என்று நாங்கள் மலைக்குப் போயிருந்தபோது மாமா வேலை செய்வதைக் கிட்டத்தில் இருந்து பார்த்தேன். எங்களுக்கு முன்னால் ஒரு மீசைக்காரர் உட்கார்ந்திருந்தார். போலீஸ் உத்தியோகமோ என்னவோ, அப்படி ஒரு உடம்பு. மாமா தலையை நனைத்து, பாதி பிளேடு செருகிய கத்தியை வைத்து, உடனே எடுத்துவிட்டார்.

"பயமா இருக்குதா சார்?"

"எனக்கென்னய்யா பயம்? நீ அடி."

"ஒரு நிமிஷம் இருங்க. மூச்சு உடுங்க. தோலு இறுகிக்கிச்சு."

மீசைக்காரர் முறைத்தார். மாமா கத்தியைக் கீழே வைத்துவிட்டு வெறும் கையை அவர் உச்சந்தலையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப சரி" என்று சொல்லிவிட்டு ஒரே சீராக வழித்துத் தள்ளினார். அன்று பஸ்ஸில் இறங்கும்போது என்னிடம் சொன்னார். "வாய் ஒண்ணு சொல்லி மண்டத்தோலு வேற சொல்லுச்சுன்னா கத்தி வெக்கக்கூடாதுடா. வெட்டிக்கும்."

குல்லா போடுவதை அவர் கற்றது யாரும் எதிர்பார்க்காத இடத்தில். கார்த்திகை பிறந்தால் திருப்பதி பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் ஸ்வெட்டர் விற்கிறவர்கள் வந்து கடை போடுவார்கள். திபெத்துக்காரர்கள். ஊர் முழுக்க அவர்களை நேபாளிகள் என்றுதான் சொல்லும். அதில் ஒரு அம்மாள் வியாபாரம் இல்லாத நேரத்தில் கொக்கி ஊசியால் குல்லா போட்டுக்கொண்டிருப்பார். மார்கழிப் பனியில் மொட்டை போட்டதும் மலைமேல் குழந்தைகள் விறைத்து அழுவதைத் தினமும் பார்க்கிற மனிதர் மாமா. ஒரு நாள் அந்த அம்மாள் எதிரில் போய் உட்கார்ந்துவிட்டார். அவருக்குத் தமிழும் தெலுங்கும் தெரியாது. இவருக்கு அவர் பாஷை தெரியாது. நாலு சாயங்காலம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாராம். ஐந்தாம் நாள் அந்த அம்மாளே ஊசியை எடுத்து இவர் கையில் கொடுத்துவிட்டார். மிச்சம் மீதி உல்லன் உருண்டைகளை அவரிடமே வாங்கிக்கொண்டு வருவார். எல்லாம் தடி நூல். அதற்கேற்ற பெரிய ஊசி கிடைக்கவில்லை என்று மூங்கில் குச்சியைப் பழைய பிளேடால் சீவி, நுனியில் கொக்கி வெட்டி வைத்திருந்தார்.

ஆம்பிளை உட்கார்ந்து பின்னல் போடுகிறாரே என்று தெருவில் சிரித்தவர்கள் உண்டு. அவருக்கு அதெல்லாம் காதில் ஏறாது. "சுழியிலேர்ந்து ஆரம்பிக்கணும். அப்பால சுத்திச் சுத்தி வரணும். சாமி முடி வெச்சதும் அப்படித்தானே?" என்பார். உச்சியில் ஒரு சின்ன வளையம். அதைச் சுற்றி ஒவ்வொரு சுற்றுக்கும் கண்ணி கூட்டிக்கொண்டே போவார். வட்டம் ஏறக்குறைய விரித்த கையளவு வந்ததும் கூட்டுவதை நிறுத்துவார். அங்கிருந்து குல்லா கீழ்நோக்கி இறங்கும். எங்கே நிறுத்துவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்பார். அது தலைக்குத் தலை மாறும். அந்தத் தலையைத் தொட்டுப் பார்க்காமல் ஊசியைக் கையில் எடுக்கமாட்டார்.

பலமனேரில் காய்கறி மண்டி வைத்திருந்த ஒருவர் தன் லாரி டிரைவர்களுக்குப் பத்து குல்லா வேண்டும் என்று ஆள் அனுப்பினார். விடியற்காலையில் மலைப்பாதையில் அவர்களுக்குக் காது அடைத்துப்போகிறது என்று. மாமா சொன்னது இதுதான்: "தலைங்கள அனுப்பச் சொல்லு." வந்த ஆள் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தான். மாமா சிரிக்கவில்லை. கடைசியில் பத்து டிரைவர்களும் சரக்கு இறக்கிவிட்டுத் திரும்புகிற வழியில் ஒவ்வொருவராக எங்கள் தெருவில் லாரியை நிறுத்தி, இறங்கி, தலையைக் குனிந்து காட்டிவிட்டுப் போனார்கள். அந்த வாரம் முழுக்க எங்கள் தெருவில் தக்காளி வாசனை.

அளவு தப்பினால் மனிதருக்குத் தூக்கம் வராது. நைனாவுக்குப் போட்ட குல்லா ஒரு விரல் அளவு லூசாக இருந்தது. "பரவால்ல மாமா, காத்தாட இருக்குது" என்று நைனா சொல்லிக்கொண்டிருக்கும்போதே அதைத் தலையிலிருந்து கழற்றி, நூல் நுனியைத் தேடிப் பிடித்து இழுத்தார். இரண்டு நாள் வேலை எங்கள் கண்ணெதிரில் சரசரவென்று நூலாகிக் கீழே விழுந்தது. அம்மாவுக்கு வயிறு எரிந்தது. "ஐயோ, ஏன் மாமா?" என்றாள்.

"அவுத்துடலாம்மா. நூலுக்கு இன்னா நோவுதா?" என்றார்.

இது அவர் அடிக்கடி சொல்கிற வார்த்தை. இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வருத்தம் துளிகூட இருக்காது.

நான் படித்துவிட்டேன். மெட்ராஸில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி என்னை எடுத்துக்கொண்டது. டை கட்டத் தெரிந்தவனையெல்லாம் கப்பலேற்றாத குறையாக அமெரிக்காவுக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. விசா கிடைத்தால் என் முடியைக் கொடுப்பதாக அம்மா வேண்டிக்கொண்டிருந்தாள். விசா தை மாதத்தில் கிடைத்தது. டிக்கெட் அடுத்த வாரம். சிகாகோவில் பனி கொட்டுகிற நேரத்தில் மழுங்க மொட்டை அடித்துக்கொண்டு போய் இறங்குவது என்பது எங்கள் ஊர்க்காரர்களுக்கு மட்டுமே வரக்கூடிய யோசனை. எங்கள் வீட்டில் ஒருவருக்கும் அது விசித்திரமாகத் தோன்றவில்லை. மாமாவேதான் அடித்தார். அடித்து முடித்துச் சந்தனம் பூசுவதற்கு முன்னால் இரண்டு கையையும் என் தலைமேல் வைத்து அளவெடுத்தார்.

மூன்றே நாளில் குல்லா தயார். பாதி கருஞ்சிவப்பு, பாதி கிளிப்பச்சை. கையில் இருந்த நூல் அவ்வளவுதான். காதை மூட இரண்டு மடல். உச்சியில் ஒரு குஞ்சம்.

"முடி வளர்றதுக்கு எடம் உட்டிருக்கேன்டா. ரெட்டைச் சுழிக்கு மேல கொஞ்சம் மேடு வெச்சிருக்கேன். எறங்கறதுக்கு முன்னாடியே போட்டுக்கோ."

ஃப்ராங்க்பர்ட்டில் விமானம் மாறும்போது அதைப் போட்டுக்கொண்டேன். கம்பெனியிலிருந்து என்னோடு நான்கு பேர் வந்திருந்தார்கள். எல்லாரும் மெட்ராஸ் பையன்கள். ஒருவன் குஞ்சத்தைப் பிடித்து இழுத்து, "எந்த சர்க்கஸ்லேருந்துடா வர்ற?" என்றான். மற்ற மூன்று பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. கக்கூஸுக்குப் போகிறேன் என்று எழுந்து போய், அங்கே குப்பைத்தொட்டியில் கை துடைத்த காகிதங்களுக்கு நடுவில் அதை அமுக்கிப் போட்டுவிட்டு வந்தேன். சிகாகோவில் இறங்கியபோது மொட்டை மண்டையில் காற்று பட்டதும் ஊசி குத்துவதுபோல வலித்தது. நல்லா வேணும் என்று அப்போதே தோன்றியது.

அதற்குள் எங்கள் வீட்டுக்கு டெலிபோன் வந்திருந்தது. எனக்குச் சனிக்கிழமை சாயங்காலம் என்றால் அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை காலை. டெலிபோன் கார்டு வாங்கி, அதில் மறைத்திருக்கும் நம்பரைத் தேய்த்துக் கூப்பிடுவேன். அம்மா பேசி முடித்ததும் மாமா வாங்குவார். முதல் தடவையே கேட்டார்.

"குல்லா போட்டுக்கினு இருக்கியாடா?"

தொலைந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். ஒரு நிமிஷம் வருத்தப்பட்டிருப்பார், அவ்வளவுதான். நான் கெட்டிக்காரன் அல்லவா. அவர் சந்தோஷப்படுகிறமாதிரி ஒன்றைச் சொன்னேன்.

"எங்க மேனேஜருக்கு ரொம்பப் புடிச்சிப்போச்சி மாமா. ஆசையா கேட்டாரு. குடுத்துட்டேன்."

துள்ளிக் குதிப்பார் என்று நினைத்தேன்.

"அது உன் தலைக்குப் போட்டதாச்சேடா. அந்த ஆளுக்கு எப்படிச் சேரும்?"

"சரியாத்தான் இருக்குது மாமா."

"இருக்காது. உன் சுழிக்கு நான் மேடு உட்டிருக்கேன். அந்தாளுக்கு அங்க காத்து பூரும். சளி புடிச்சுக்கும்." கொஞ்சம் யோசித்தார். "இங்கேர்ந்து கைய நீட்ட முடியாது. நீ தினம் பாக்கறே இல்ல? நீ சொல்லு. அவரு தலை எப்படி இருக்கும்?"

தன் கையைத் தவிர வேறு எதையும் நம்பாத மனிதர் அன்று என் வாயை நம்பினார். நானும் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். வழுக்கை என்றேன். பெரிய காது என்றேன். எனக்கு மேனேஜர் என்று ஒருவர் இருந்தார். அவர் வேறு மாடியில் இருந்தார். அவர் தலையை நான் நிமிர்ந்து பார்த்ததுகூடக் கிடையாது.

மேனேஜர் குல்லா ஒரு மாதத்தில் வந்து சேர்ந்தது. திருப்பதியிலிருந்து வந்த யாரோ ஒருவரின் பெட்டியில், அம்மா கொடுத்தனுப்பிய பருப்புப்பொடியோடு. உள்ளே ஒரு துண்டுக் காகிதம் குத்தியிருந்தது. மாமா படித்தது தெலுங்குப் பள்ளிக்கூடம். தமிழைத் தெலுங்கு எழுத்தில்தான் எழுதுவார். "மொட்டை, காது பெரிசு" என்று எழுதியிருந்தார்.

அதோடு நின்றிருக்க வேண்டும். "மேனேஜர் இன்னா சொன்னாரு?" என்று கேட்டார். ஆபீஸே பார்த்துப் பொறாமைப்படுகிறது என்றேன். அப்படியானால் இன்னும் யார் யாருக்கு வேண்டும் என்று கேட்டார். வாசலில் நிற்கிற செக்யூரிட்டி, சுருட்டை முடி. பக்கத்து மேஜைச் சீனாக்காரன், நெற்றி அகலம். இப்படி ஒவ்வொரு தலையாக உண்டாக்கினேன். அவர் விடமாட்டார். சுருட்டை முடின்னா எவ்வளவு உயரம் நிற்கும்? கண்ணாடி போடுவானா? போட்டால் காதுக்கு மேல் இடம் விடணும். ஒரு வாரம், "போன தடவ நெத்தி அகலம்னு சொன்னியே, இப்ப சின்னதுன்றே?" என்று மடக்கினார். அன்றிலிருந்து டெலிபோன் கார்டின் அட்டைப் பின்பக்கத்தில் என் பொய்த் தலைகளைக் குறித்து வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தேன்.

ஏன் நிறுத்தவில்லை என்று என் மனைவி பின்னால் கேட்டாள். எனக்கு அங்கே ஒருவரும் இல்லை என்பதுதான் உண்மை. வந்த நான்கு பேரும் வேறு வேறு ஊர்களுக்குப் போய்விட்டார்கள். ஆபீஸில் காலையில் ஒரு வணக்கம், சாயங்காலம் ஒரு வணக்கம். என்னைச் சாப்பிடக் கூப்பிட்டவன், எனக்கு உடம்பு சரியில்லை என்றால் விசாரித்தவன் எவனும் இல்லை. மாமாவுக்குச் சொன்ன ஆட்கள் எல்லாரும் என்மேல் பிரியமாக இருந்தார்கள். அவர்களைப் பற்றிப் பேசும்போது எனக்கே ஒரு ஊர் கிடைத்துவிட்டமாதிரி இருந்தது. இதைச் சொல்வதால் என் தப்பு குறையாது, தெரியும்.

குல்லாக்கள் வந்துகொண்டே இருந்தன. இரண்டு குளிர்காலத்தில் ஏழு. அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் அவை என்னைப் பார்ப்பதுமாதிரி இருந்தது. அறை மாறியபோது ஏழையும் ஒரு பையில் போட்டு, பழைய துணி போடுவதற்காகக் கடை வாசலில் வைத்திருந்த இரும்புப் பெட்டிக்குள் தள்ளினேன். துண்டுக் காகிதங்களைக்கூடக் கழற்றவில்லை.

எட்டாவது தலைதான் எல்லாவற்றையும் கெடுத்தது. நம்ம பக்கத்துப் பொண்ணு ஒன்று ஆபீஸில் இருக்கிறது மாமா, குளிர் வந்தால் பாவம் அதற்குத் தலைவலி உயிர் போகிறது என்று சொல்லிவைத்தேன். அது ஏன் என் வாயில் வந்தது என்று இன்றுவரை தெரியாது. மாமாவின் குரலே மாறிப்போனது. மற்ற தலைகளையெல்லாம் ஒரு வேலையாகத்தான் கேட்பார். இந்தப் பெண்ணைப் பற்றி மகளைப் பற்றி விசாரிப்பதுபோல விசாரித்தார். எந்தப் பக்கம் வலிக்கும்? எண்ணெய் வைக்குமா? அங்கே யாராவது தைலம் தேய்த்துவிட இருக்கிறார்களா? முடி சன்னம், நெற்றி எடுப்பு, தலை சின்னது என்று சொன்னேன். அட்டை தொலைந்துபோய் அடுத்த மாதம் வேறு எதையோ சொன்னேன். அதற்கடுத்த மாதம் இன்னொன்று. இரண்டு முறையும் அவர் போட்டதை அவிழ்த்துவிட்டு மறுபடி சுழியிலிருந்து போட்டார்.

அப்போதுதான் அம்மா சொன்னாள். "மாமாவுக்குக் கண்ணுல பிரஷராம்டா. ஒடனே ஆபரேசன் பண்ணணும்னு டாக்டர் சொல்ட்டாரு. இந்த மனுசன் வரமாட்டேன்றாரு. குளிரு வர்றதுக்குள்ள அந்தப் பொண்ணு குல்லாவ முடிக்கணுமாம். ஆபரேசன் பண்ணா ரெண்டு மாசம் குனியக்கூடாதுன்னாங்களாம். நீ சொன்னாத்தான் கேப்பாரு."

மாமா டெலிபோனை வாங்கினார்.

"மொதல்ல கண்ணப் பாருங்க மாமா."

"கண்ணு எங்கடா போயிடும்? பொடி நூலுன்னாத்தான் கஷ்டம். இது தடி நூலு. கைக்கே தெரியுது. அங்க அந்தப் பொண்ணு தலையப் புடிச்சிக்கினு உக்காந்திருக்கும் இல்ல?"

சொல்லிவிட வேண்டிய இடம் அதுதான். அப்படி ஒரு பெண்ணே இல்லை மாமா. ஐந்து வார்த்தை. நெஞ்சுவரை வந்தது. அப்புறம் மேனேஜரும் இல்லை என்று சொல்ல வேண்டும். சீனாக்காரனும் இல்லை. அந்தக் கருஞ்சிவப்புக் குல்லா எங்கே என்று சொல்ல வேண்டும். அவர் முன்னால் நான் யார் என்று தெரிந்துவிடும்.

"அந்தப் பொண்ணு இப்ப இங்க இல்ல மாமா. வேற ஊருக்குப் போயிட்டா."

"அந்த ஊருல குளிரு இல்லியா?"

கார்டில் நிமிஷம் முடியப்போகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அதுவும் பொய். பத்து நிமிஷம் மிச்சம் இருந்தது.

தை பிறப்பதற்குள் அவருக்கு இடது கண் போய்விட்டது. அதற்குப் பிறகு செய்த ஆபரேசனில் வலது கண்ணில் நிழல் தெரிகிற அளவுக்கு மிச்சம் பிடித்துக் கொடுத்தார்கள். இந்த நோயில் போன கண் திரும்ப வராது, முன்னாலேயே வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னதாக அம்மா அழுதாள். நான் அந்த ஊர்க் குளிரில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். அதனால் யாருக்கு என்ன லாபம்?

அடுத்த வருஷம் எனக்குக் கல்யாணம். பெண் காட்பாடிக்காரி. சிகாகோவிலேயே வேறொரு கம்பெனியில் வேலை பார்த்தவள். கல்யாணத்தின்போது மாமா வாலாஜாவில் மகள் வீட்டில் இருந்தார். நாங்கள் திரும்பிப் போவதற்கு இரண்டு நாள் முன்னால் திருப்பதிக்கு வந்துவிட்டார் என்று அம்மா சொன்னாள். புது மருமகளைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாராம்.

அவரைப் பார்க்கப் போவதற்கு முந்தின நாள் சாயங்காலம் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லிவிட்டு, அவளிடம் ஒன்று கேட்டேன். அவர் விசாரித்தால் அந்தத் தலைவலிப் பெண் நீதான் என்று சொல்லிவிடு. இத்தனை நாள் யாருக்காகக் கண்ணைக் கொடுத்தோம் என்று தெரிந்தால் அவர் மனசு ஆறும்.

"உன் பொய்க்கு நான் தலையக் குடுக்கணுமா?" என்று கேட்டாள்.

மறுநாள் காலை வெயிலில் மாமா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மெலிந்து போயிருந்தார். கழுத்துப் பக்கம் சட்டை தொளதொளத்தது. என் காலடிச் சத்தத்திலேயே தெரிந்துகொண்டார்.

"வாடா. பொண்ணு வந்திருக்குதா? இது... தலவலிப் பொண்ணா?"

கேட்கும்போதே முகத்தில் அப்படி ஒரு ஆசை. நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. என் மனைவி அவர் முன்னால் போய்த் தரையில் உட்கார்ந்து தலையைக் குனிந்து காட்டினாள். லாரி டிரைவர்கள் காட்டியதைப் போலவே.

மாமா இரண்டு கையையும் வைத்தார். நெற்றியிலிருந்து பின்மண்டைக்கு, காதிலிருந்து காதுக்கு. அடர்த்தியான முடி அவளுக்கு. பெரிய தலை. அவர் கை ஒரு இடத்தில் நின்றது. மறுபடி முதலிலிருந்து பார்த்தது.

"குளிர்ல தலவலி வருமாம்மா?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"இல்ல மாமா. எனக்கு வந்ததே இல்ல."

"நல்லது. வரக்கூடாது." அவள் தலையைத் தட்டிக்கொடுத்தார். "நல்ல தலைம்மா."

நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு துணிப்பை இருந்தது. அதிலிருந்து எட்டாவது குல்லாவை எடுத்தார். வெள்ளையும் இளமஞ்சளும் கலந்த தடி நூல். அவர் போட்டதிலேயே அழகான குல்லா அதுதான் என்று நினைக்கிறேன். அதை ஒருமுறை முழங்கால்மேல் வைத்துத் தடவிப் பார்த்தார். பிறகு விளிம்பில் நூல் நுனியைத் தேடினார். கொஞ்ச நேரம் பிடித்தது. கிடைத்ததும் இழுத்தார். சரசரவென்று அவிழ்ந்து மடியில் விழுந்துகொண்டே இருந்தது. மூன்றுமுறை சுழியிலிருந்து போட்ட குல்லா. ஒரு கண் அதற்குப் போயிருக்கிறது.

"மாமா" என்றேன்.

"இருக்கட்டும்டா. நூலுக்கு இன்னா நோவுதா?" நூலை உருண்டையாகச் சுற்றிக்கொண்டே என் மனைவியிடம் பேசினார். "நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் இருப்பீங்க இல்ல? உனக்குப் போட்டுடறேன். இப்பத்தான் தொட்டுப் பாத்துட்டேனே."

சொன்னபடியே மறுநாள் சாயங்காலம் போட்டுக் கொடுத்தார். இத்தனை வருஷத்தில் அது ஒரு காற்றைக்கூட அவள் காதுக்குள் விட்டதில்லை. ஆனால் அந்தக் காலையில் நாங்கள் கிளம்ப எழுந்தபோது, "நீ கிட்ட வாடா, உன் தலையையும் பாத்து எவ்வளவு நாளாச்சு" என்று என்னைக் கூப்பிட்டார். அவர் முன்னால் உட்கார்ந்தேன். மெலிந்த கை என் ரெட்டைச் சுழிமேல் வந்து உட்கார்ந்தது. அங்கேயே இருந்தது. கோபமே இல்லை அந்தக் கையில். அவர் என்னை ஓங்கி ஒன்று அறைந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"மத்த ஏழும் உங்கிட்டத்தான இருக்குது?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மேனேஜர், செக்யூரிட்டி, சீனாக்காரன், எல்லாத் தலைகளும் பொய் என்று, நான் மூன்று விதமாகச் சொன்னதில் எதற்கும் சேராத அந்த ஒரு தலையைத் தொட்டே அவர் கண்டுபிடித்துவிட்டிருந்தார்.

"ஆமா மாமா" என்றேன்.

"அடுத்த தடவ வரும்போது கொண்டாந்துடு. அவுத்துடலாம். கெட்டி நூலு, வீணாப் போவக்கூடாது. இங்க மலைமேல எவ்வளவோ தலைங்க இருக்குது."

கடை வாசல் இரும்புப் பெட்டி கண்ணில் வந்து நின்றது.

"சரி மாமா. கொண்டாறேன்."

சொல்லும்போதே என் மண்டைத்தோல் இறுகுவது எனக்கே தெரிந்தது. அவர் கையை எடுத்துக்கொண்டார்.